ரத்த நோய் டாக்டர்களின் சங்கங்கள் என்ன செய்யுது? புதுக்கோட்டை நோயாளிக்கு அதனால் என்ன பயன்? முழு விளக்கம்

"ரத்தம் கம்மியா இருக்கும்மா... மாத்திரை எழுதித் தர்றேன்." அறந்தாங்கி, ஆலங்குடி, கறம்பக்குடி என புதுக்கோட்டை மாவட்டத்தில் எந்த ஊர் ஆஸ்பத்திரி வாசலில் நின்றாலும் இந்த வார்த்தையைக் கேட்கலாம். 2019-21ல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம். 6 மாதம் முதல் 59 மாதம் வரையுள்ள குழந்தைகளில் 57.4 சதவீதம்.

அதாவது, ஏறக்குறைய இரண்டு பேரில் ஒருவருக்கு ரத்தத்தில் பிரச்னை. ஆனால் ரத்த நோய்களுக்கென்றே படித்த சிறப்பு மருத்துவர்கள் பெரும்பாலும் சென்னை, வேலூர் போன்ற பெரிய மையங்களில்தான் இருக்கிறார்கள்.

அந்த மருத்துவர்களுக்கென்று சங்கங்கள் இருக்கின்றன. மாநாடு நடத்துவதும் மலர் வெளியிடுவதும்தான் அவற்றின் வேலை என்று நினைத்தால், அது பாதிதான் உண்மை. கையில் இருக்கும் லேப் சீட்டில் வரும் நம்பர் முதல் ரத்தப் பை வரை, இந்தச் சங்கங்களின் வேலை எங்கெல்லாம் வந்து சேர்கிறது? எங்கே வராமல் நின்றுவிடுகிறது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ரத்தவியல் மருத்துவர் என்றால் யார்?

ரத்தம், எலும்பு மஜ்ஜை, ரத்தம் உறையும் தன்மை ஆகியவற்றில் வரும் நோய்களைப் பார்ப்பவர் ரத்தவியல் மருத்துவர். ஆங்கிலத்தில் ஹெமட்டாலஜிஸ்ட். எம்.பி.பி.எஸ். முடித்து, பொது மருத்துவம் அல்லது குழந்தை மருத்துவத்தில் எம்.டி. முடித்து, அதற்கு மேல் மூன்று ஆண்டு டி.எம். படிக்க வேண்டும்.

ரத்தசோகை, தலசீமியா, சிக்கிள் செல், ஹீமோபிலியா, ரத்தப் புற்றுநோய், தட்டணுக்கள் குறைவது, காலில் ரத்தம் உறைந்து கட்டியாவது... எல்லாமே இவர்களின் துறைதான்.

படிப்பு நீளம், இடங்கள் குறைவு. அதனால் எண்ணிக்கையும் குறைவு. ஒரு நோயாளியை முதலில் பார்ப்பது பெரும்பாலும் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரும் லேப் டெக்னீஷியனும்தான். சங்கத்தின் உண்மையான பயன் இங்கேதான் தொடங்குகிறது. சிறப்பு மருத்துவரால் எல்லா ஊருக்கும் வர முடியாது. அவருடைய அறிவு வரலாம்.

என்னென்ன சங்கங்கள் இருக்கின்றன?

உலக அளவில் பழையது 1946ல் உருவான சர்வதேச ரத்தவியல் சங்கம். 1958ல் அமெரிக்க ரத்தவியல் சங்கம், அதாவது ஏ.எஸ்.எச். தொடங்கியது. இன்று உலகம் முழுக்க ரத்தவியல் மருத்துவர்கள் எடுத்துப் பார்க்கும் வழிகாட்டுதல்களில் பல, இந்தச் சங்கம் வெளியிடுபவை.

இந்தியாவில் முக்கியமானது, இந்திய ரத்தவியல் மற்றும் ரத்த மாற்று சங்கம். சுருக்கமாக ஐ.எஸ்.எச்.பி.டி. ஆண்டுதோறும் 'ஹெமட்டோகான்' என்ற தேசிய மாநாட்டை நடத்துகிறது. தனக்கென ஓர் ஆய்விதழும் வைத்திருக்கிறது. எந்த மருத்துவமனையில் எந்தச் சிகிச்சை எந்த அளவுக்குப் பலித்தது என்பதை மற்ற டாக்டர்கள் தெரிந்துகொள்வது இப்படித்தான்.

இன்னொன்று, 1971ல் உருவான இந்திய ரத்த மாற்று மற்றும் நோய்த்தடுப்பு ரத்தவியல் சங்கம். ரத்த வங்கிப் பணிதான் இதன் மையம். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்பவர்களுக்குத் தனிச் சங்கம் இருக்கிறது.

லேப் சீட்டில் இருக்கும் நம்பர் சரியா?

சாதாரணமாக யாரும் கேட்காத கேள்வி இது. ஹீமோகுளோபின் 10.8 என்று வந்தால் 10.8தான் என்று நம்பிவிடுகிறோம். ஆனால் மெஷின் சரியாக அளவீடு செய்யப்படாமல் இருந்தால், எடுத்த ரத்தத்தைச் சரியாகக் கலக்காமல் விட்டால், அந்த நம்பர் மாறிவிடும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், கர்ப்பிணிக்கு முதல் மூன்று மாதத்திலும் கடைசி மூன்று மாதத்திலும் 11 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு 12, ஆணுக்கு 13. அரை கிராம் தப்பாக வந்தாலே ஒருவர் நோயாளி ஆகலாம், அல்லது நோய் இருந்தும் 'நார்மல்' என்று வீட்டுக்குப் போகலாம்.

இதைச் சரிபார்க்க ஒரு முறை இருக்கிறது. வெளித்தர மதிப்பீடு என்று பெயர். ஒரே ரத்த மாதிரியை நாடு முழுக்கப் பல லேப்களுக்கு அனுப்புவார்கள். ஒவ்வொரு லேப்பும் பரிசோதித்து ரிசல்ட்டைத் திருப்பி அனுப்பும். எல்லாவற்றையும் ஒப்பிட்டு, 'உங்கள் மெஷின் கூடுதலாகக் காட்டுகிறது', 'உங்கள் ரிசல்ட் சரி' என்று ஒவ்வொரு லேப்புக்கும் தனித்தனியாகச் சொல்வார்கள். கிட்டத்தட்ட லேப்களுக்கு வைக்கும் பரீட்சை இது.

இந்தியாவில் ரத்தப் பரிசோதனைக்கான இந்தப் பரீட்சையை, ரத்தவியல் சங்கத்தின் பெயரோடு டெல்லி எய்ம்ஸ் நடத்துகிறது. ஐ.எஸ்.எச்.டி.எம். - எய்ம்ஸ் இ.க்யூ.ஏ.பி. என்று அதற்குப் பெயர். என்.ஏ.பி.எல். தரச்சான்று வாங்கும் லேப் ஏதாவது ஒரு வெளித்தர மதிப்பீட்டில் கலந்துகொண்டே ஆக வேண்டும். தரச்சான்று வாங்காத லேப்புக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதனால்தான் "உங்க லேப் வெளித்தர மதிப்பீட்டில் சேர்ந்திருக்கா?" என்று கேட்பது நோயாளியின் உரிமை. கேட்டால் யாரும் கோபப்பட வேண்டியதில்லை.

எல்லா ரத்தசோகையும் இரும்புச்சத்து குறைவுதானா?

இல்லை. ஆனால் பெரும்பாலும் அதுதான். அதனால்தான் இரும்புச்சத்து மாத்திரையை முதலில் தருகிறார்கள், அது சரியான முடிவும்கூட. மாத்திரையை டீ, காபியோடு போட்டால் உடம்பில் சேராது. எலுமிச்சை, நெல்லிக்காய் போன்றவற்றோடு எடுத்தால் நன்றாகச் சேரும். மலம் கறுப்பாகப் போவது மாத்திரையின் இயல்புதான், பயந்து நிறுத்த வேண்டாம்.

பிரச்னை எங்கே வருகிறது என்றால், மாதக்கணக்கில் மாத்திரை போட்டும் ஏறாதபோது. அப்போது பார்க்க வேண்டியது அதே சீட்டில் இருக்கும் எம்.சி.வி. என்ற இன்னொரு நம்பர். சிவப்பணுவின் சராசரி அளவை அது சொல்லும்.

அணு பெரிதாக இருந்தால் பி12 அல்லது ஃபோலிக் அமிலக் குறைவாக இருக்கலாம். சிறிதாக இருந்தால் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம், தலசீமியா மரபணுவைச் சுமப்பவராகவும் இருக்கலாம். இந்த இரண்டையும் பிரிக்க, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையும், எச்.பி.எல்.சி. என்ற ரத்தப் பரிசோதனையும் உதவும்.

இது ஏன் முக்கியம்? தலசீமியா மரபணுவைச் சுமப்பவருக்குப் பெரிய தொந்தரவு எதுவும் இருக்காது. ஆனால் கணவன், மனைவி இருவருமே சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்குக் கடுமையான தலசீமியா வர 25 சதவீத வாய்ப்பு. அந்தக் குழந்தைக்கு மாதா மாதம் ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள் கல்யாணம் செய்யும் வழக்கம் இருக்கும் இடங்களில் இந்த ஆபத்து கூடும். கல்யாணத்துக்கு முன்போ, கர்ப்பத்தின் தொடக்கத்திலோ ஒரு பரிசோதனை செய்தால் முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம்.

சிக்கிள் செல் நோயும் இப்படிப் பெற்றோர் இருவரிடமிருந்தும் வருவதுதான். இந்தியாவில் இந்த மரபணு முதலில் கண்டறியப்பட்டது தமிழ்நாட்டில்தான். 1952ல் நீலகிரி மக்களிடம் லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். 2047க்குள் இந்த நோயை ஒழிக்கும் தேசியத் திட்டத்தை மத்திய அரசு 2023 ஜூலை 1ல் தொடங்கியது.

'ஒரு யூனிட் ஏத்திடலாமா?'

குடும்பத்தினரே டாக்டரிடம் கேட்கும் கேள்வி இது. ரத்தம் ஏற்றினால் உடனே தெம்பு வந்துவிடும் என்ற நம்பிக்கை நம்மிடம் அதிகம்.

இந்த இடத்தில் ஏ.எஸ்.எச். செய்த ஒரு வேலை கவனிக்க வேண்டியது. 2013ல் அந்தச் சங்கம் தன் சொந்த உறுப்பினர்களுக்கே 'இதையெல்லாம் செய்யாதீர்கள்' என்று ஒரு பட்டியல் போட்டது. அதில் ஒன்று: நோயாளியின் தொந்தரவு தீர, அல்லது பாதுகாப்பான அளவுக்கு ஹீமோகுளோபின் வர எவ்வளவு தேவையோ, அந்தக் குறைந்தபட்ச ரத்தத்துக்கு மேல் ஏற்றாதீர்கள். ஒரு மருத்துவர் சங்கம் தன் துறையின் சிகிச்சையையே குறைக்கச் சொன்னது சின்ன விஷயமில்லை.

காரணம் எளிது. ரத்தமும் ஒரு மருந்துதான். ஒவ்வாமை, நுரையீரல் பாதிப்பு, தொற்று எல்லாமே வர வாய்ப்பு உண்டு. 2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டம் சாத்தூரில், ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டது தமிழ்நாட்டையே உலுக்கியது. அரிதாக நடப்பதுதான். ஆனால் தேவையே இல்லாமல் ஏற்றும்போது அந்தச் சின்ன ஆபத்துக்கும் அர்த்தம் இல்லாமல் போகிறது.

டெங்கு சீசனில் பிளேட்லெட் பயமும் இப்படித்தான். எண்ணிக்கை 50,000 என்று வந்ததும் குடும்பமே ரத்த வங்கிக்கு ஓடுகிறது. ரத்தக்கசிவு இல்லாதவருக்கு 10,000க்குக் கீழே போனால்தான் முன்னெச்சரிக்கையாக பிளேட்லெட் ஏற்றுவதைப் பற்றி யோசிக்கலாம் என்கிறது டெங்குக்கான தேசிய வழிகாட்டுதல். டெங்குவில் பெரிய ஆபத்து, ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து ரத்த அழுத்தம் இறங்குவது. வயிற்று வலி, விடாத வாந்தி, சிறுநீர் குறைவது, கை கால் சில்லிட்டுப் போவது... நம்பரைவிட இவற்றைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

அக்டோபர் 1ல் ஏன் ரத்ததான முகாம்?

கல்லூரி மாணவர்களுக்குத் தெரிந்திருக்கும், அக்டோபர் 1 தேசிய தன்னார்வ ரத்ததான நாள். இதைத் தொடங்கியது அரசு இல்லை, ஒரு மருத்துவச் சங்கம். மேலே சொன்ன இந்திய ரத்த மாற்று மற்றும் நோய்த்தடுப்பு ரத்தவியல் சங்கம்தான் 1975ல் இந்த நாளைக் கடைப்பிடிக்கத் தொடங்கியது.

அப்போது பணத்துக்கு ரத்தம் விற்பவர்கள் நிறைய. வறுமையில் நோயை மறைத்து ரத்தம் கொடுப்பது நடந்தது. உச்ச நீதிமன்றம் 1996ல் அளித்த தீர்ப்பைத் தொடர்ந்து, 1998 ஜனவரி 1 முதல் பணத்துக்கு ரத்தம் கொடுப்பது தடை செய்யப்பட்டது. சங்கம் பேசியது, நீதிமன்றம் ஆணையிட்டது, அரசு அமல்படுத்தியது. மாற்றம் வர மூன்றும் தேவைப்பட்டன.

இன்றைக்கு 18 முதல் 65 வயது வரை, 45 கிலோவுக்குக் குறையாத எடை, 12.5 கிராமுக்குக் குறையாத ஹீமோகுளோபின் இருந்தால் ரத்தம் கொடுக்கலாம். ஆண்கள் 90 நாளுக்கு ஒரு முறை, பெண்கள் 120 நாளுக்கு ஒரு முறை. எடுத்த ரத்தத்தை சிவப்பணு, பிளேட்லெட், பிளாஸ்மா என்று பிரிக்கிறார்கள். இதில் பிளேட்லெட் ஐந்து நாள்தான் தாங்கும். அதனால் அக்டோபர் 1ல் மட்டும் வரிசையில் நின்றால் போதாது, வருடம் முழுக்கக் கொடுப்பவர்கள் தேவை.

இன்னொரு விஷயம். ரத்தத்துக்கு விலை கிடையாது. பரிசோதனை, பதப்படுத்துதலுக்கான கட்டணம் மட்டும்தான் வாங்கலாம் என்று 2024 ஜனவரியில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மறுபடியும் உறுதியாகச் சொல்லியிருக்கிறது. அடிக்கடி ரத்தம் தேவைப்படும் தலசீமியா, ஹீமோபிலியா நோயாளிகளிடம் அதையும் வாங்கக் கூடாது என்பதே தேசிய ரத்த மாற்றுக் குழுமத்தின் வழிகாட்டுதல்.

புதுக்கோட்டையில் பிறந்தவர் தொடங்கிய மருத்துவமனை

ரத்த நோய் வரலாற்றில் புதுக்கோட்டைக்கு ஒரு நேரடித் தொடர்பு உண்டு. 1886ல் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவருடைய முயற்சியில் 1954ல் தொடங்கியதுதான் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. கர்ப்பிணிகளுக்கான அரசு மகப்பேறு நிதியுதவித் திட்டமும் அவர் பெயரில்தான் நடக்கிறது. அதில் தரும் ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் இரும்புச்சத்து டானிக்கும் உண்டு.

1980களில், குழந்தைகளுக்கு வரும் லிம்போபிளாஸ்டிக் ரத்தப் புற்றுநோயில் இந்தியாவில் பிழைத்தவர்கள் 20 சதவீதத்துக்கும் குறைவு. அப்போது அடையாறு, மும்பை டாடா நினைவு மருத்துவமனை, டெல்லி எய்ம்ஸ் மூன்றும் அமெரிக்க தேசிய புற்றுநோய் நிறுவனத்துடன் சேர்ந்து ஒரு முடிவெடுத்தன. ஆளுக்கொரு விதமாக மருந்து தராமல், மூவரும் ஒரே சிகிச்சை முறையைப் பின்பற்றுவது. அதன் பெயர் எம்.சி.பி. 841. அடுத்த 20 ஆண்டு அனுபவத்தைத் தொகுத்துப் பார்த்தபோது, நான்கு ஆண்டுகள் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் சுமார் 40 முதல் 60 சதவீதம் வரை உயர்ந்திருந்தார்கள்.

மருத்துவர்கள் ஒன்றுசேர்ந்து, ஒரே முறையில் சிகிச்சை தந்து, கணக்கு வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை. சங்கங்கள் சிகிச்சைப் பதிவேடு, பொது நெறிமுறை என்று வலியுறுத்துவதும் இதற்காகத்தான்.

ஹீமோபிலியா: காது குத்தும்போது நிற்காத ரத்தம்

ரத்தம் உறைய உதவும் ஃபேக்டர் குறைவதால் வருவது ஹீமோபிலியா. ஏ வகை, பிறக்கும் ஆண் குழந்தைகளில் சுமார் 5,000 பேரில் ஒருவருக்கு வரும். காது குத்தும்போது, பல் பிடுங்கும்போது, சுன்னத்தின்போது ரத்தம் நிற்காமல் போனால் சந்தேகப்பட வேண்டும். தவழும் வயதில் முட்டி வீங்கினாலும் அப்படித்தான். இவர்களுக்குத் தசையில் ஊசி போடக் கூடாது. ஆஸ்பிரின், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரை தரக் கூடாது.

தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகள் வழியாக ஃபேக்டர் ஊசி இலவசமாகக் கிடைக்கிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் கடுமையான ஹீமோபிலியா ஏ உள்ள ஐந்து பேருக்கு மரபணு சிகிச்சை தந்து, நல்ல பலன் கிடைத்ததாக 2024 டிசம்பரில் அறிவித்தார்கள். ஆனால் இது இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது.

2016ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஹீமோபிலியா, தலசீமியா, சிக்கிள் செல் மூன்றையும் மாற்றுத்திறன் பட்டியலில் சேர்த்தது. 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு என்று சான்று கிடைத்தால் உயர்கல்வியில் 5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கேட்கலாம். ஆனால் அதே சட்டத்தில் அரசு வேலைக்கான 4 சதவீத ஒதுக்கீட்டுப் பட்டியலில் ரத்த நோய்கள் இல்லை. படிக்க இடம் உண்டு, வேலைக்கு ஒதுக்கீடு இல்லை என்ற இந்த இடைவெளி இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

சங்கத்தால் முடியாதது என்ன?

இது முக்கியம். மருத்துவச் சங்கம் போலீஸ் இல்லை, நீதிமன்றமும் இல்லை. அது வெளியிடுவது வழிகாட்டுதல், சட்டம் கிடையாது. தப்பு செய்த டாக்டரின் பதிவை ரத்து செய்யவோ, லேப்பை மூடவோ சங்கத்துக்கு அதிகாரம் இல்லை.

டாக்டர் மேல் புகார் என்றால் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில். லேப், கிளினிக் பதிவு என்றால் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகம். ரத்த வங்கி என்றால் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை. சங்கத்துக்கு மனு போட்டு நாள் கடத்த வேண்டாம்.

டாக்டரிடம் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. எனக்கு எந்த வகை ரத்தசோகை? எம்.சி.வி. எவ்வளவு இருக்கு?

2. மாத்திரை போட்டு எத்தனை நாளில் மறுபடி பார்க்கணும்? ஏறலைன்னா அடுத்து என்ன டெஸ்ட்?

3. ரத்தம் ஏத்தியே ஆகணுமா? ஒரு யூனிட் ஏத்திட்டு மறுபடி பார்க்கலாமா?

4. குடும்பத்தில் மற்றவர்களும் டெஸ்ட் எடுக்கணுமா?

5. ரத்தவியல் மருத்துவரிடம் போக வேண்டிய நிலையா? போகணும்னா எந்த அரசு மருத்துவமனைக்கு, எந்தச் சீட்டோடு போகணும்?

பழைய ரிப்போர்ட்களைத் தூக்கிப் போடாமல் தேதிவாரியாக ஒரே ஃபைலில் வையுங்கள். முள்ளூரில் இருக்கும் புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டினாலும், அங்கிருந்து திருச்சிக்கோ சென்னைக்கோ அனுப்பினாலும், டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். காரணம் தெரியாத காய்ச்சல், உடம்பில் ஊதா நிறப் புள்ளிகள், ஈறில் ரத்தம், கழுத்தில் நெறிக்கட்டி, வேகமாக எடை குறைவது... இவற்றோடு ரத்தசோகையும் இருந்தால் மாத்திரை போட்டுக் காத்திருக்கக் கூடாது. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.